களஞ்சியத்து விளக்கை யார் தெரிவு செய்வது?

நம் மக்கள் தேயிலைத் தொழிற்சாலை முழுவதையும் ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். தூள் மூட்டைகளை அடுக்கி வைக்கும் களஞ்சியம், பொதி செய்யும் அறை, சலிக்கும் இடம் எல்லாம் அதற்குள் அடக்கம். இந்த இடங்களில் பழைய டியூப் லைட்டுகளைக் கழற்றி எல்.ஈ.டி. போடும் காலம் இது. அது நல்ல காரியம், நாம் எதிர்க்கவில்லை. ஆனால் எந்த விளக்கு, எத்தனை விளக்கு, எங்கே தொங்க வேண்டும் என்று பேசும்போது மேசையில் கரண்ட் பில் மட்டும் இருந்தால் போதாது. அந்த வெளிச்சத்தில் மூட்டை தூக்குகிறவரின் வாயையும் கேட்க வேண்டும்.

மாற்றம் ஏன் வருகிறது என்பது நமக்கும் தெரியும். 2022 ஆகஸ்ட் மாதம் மின்கட்டணம் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மறுபடியும் 66 வீதமும் கூட்டப்பட்டது. அந்த அடி கம்பனிகளுக்கும் விழுந்தது, லயத்துக்கும் விழுந்தது. இன்னொரு காரணம் டியூப் லைட்டுக்குள் இருக்கும் பாதரசம். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையில் இலங்கையும் ஒரு நாடு. சாதாரண வெளிச்சத்துக்கான டியூப் லைட்டுகளின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027 முடிவதற்குள் நிறுத்துவது என்று அந்த நாடுகள் 2023இல் தீர்மானித்தன. ஆகவே இன்றில்லாவிட்டால் நாளை எல்லா ஸ்டோர்களிலும் விளக்கு மாறத்தான் போகிறது.

இதில் மிச்சம் எவ்வளவு என்று கணக்குப் பார்ப்போம். 36 வாட்ஸ் பழைய டியூப் ஒன்று, சோக் எடுப்பதையும் சேர்த்தால் ஏறக்குறைய 45 வாட்ஸ் இழுக்கும். அதற்குப் பதிலாகப் போடும் எல்.ஈ.டி. டியூப் 18 வாட்ஸ். 40 விளக்குகள் நாளுக்கு 10 மணி நேரம் எரிந்தால் பழையதற்கு 18 அலகு, புதியதற்கு 7.2 அலகு. ஒரு நாளைக்கு 10.8 அலகு மிச்சம். வருடத்தில் 300 நாள் வேலை நடந்தால் 3,240 அலகு. இந்த மிச்சம் எங்கே போகிறது என்பதுதான் நமது கேள்வி.

அதே நாற்பதோடு இன்னும் பத்து விளக்கைக் கூடுதலாகப் போட்டாலும் செலவு ஒரு நாளைக்கு 1.8 அலகுதான். அதன் பிறகும் நிர்வாகத்துக்கு 9 அலகு மிச்சம் இருக்கும். அப்படியிருக்க, எல்.ஈ.டி. பிரகாசமானது என்று சொல்லி நாற்பதை இருபத்தைந்தாகக் குறைப்பது நியாயமா? அட்டைப் பெட்டியில் வாட்ஸை மட்டும் பார்த்து வாங்கக்கூடாது. விளக்கு தரும் வெளிச்சத்தின் அளவு லூமென் என்ற எண்ணில் எழுதியிருக்கும். பார்க்க வேண்டியது அதைத்தான்.

வேலை செய்யும் இடத்தில் விழுகிற வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகால் அளப்பார்கள். சர்வதேச அளவுகோலின்படி களஞ்சிய அறைக்குக் குறைந்தது 100 லக்ஸ் வேண்டும். ஆட்கள் தொடர்ந்து வேலை செய்யும் களஞ்சியமானால் 200, பொதி செய்து அனுப்பும் இடத்துக்கு 300. காம்பும் நாரும் பொறுக்கும் நுணுக்கமான வேலைக்கு அதைவிடக் கூட வேண்டும். வயதையும் மறக்கக்கூடாது. அறுபது வயதுக் கண்ணுக்கு இருபது வயதுக் கண்ணைவிட இரண்டு மூன்று மடங்கு வெளிச்சம் தேவைப்படும். இருபத்தைந்து வருடம் சலித்துப் பொறுக்கிய அக்காமாருக்கு "கண்ணாடி போடுங்கள்" என்று சொல்வதற்கு முன் தலைக்கு மேலே என்ன எரிகிறது என்று பார்க்க வேண்டும்.

விளக்கின் வகையும் முக்கியம். தெருவில் எரியும் மஞ்சள் சோடியம் விளக்கு முற்றத்துக்குச் சரி. தூளின் நிறம் பார்க்கும் இடத்துக்கு ஆகாது, அந்த வெளிச்சத்தில் எல்லாம் ஒரே நிறமாகத் தெரியும். ரோலரும் பெல்ட்டும் சுழலும் இடத்தில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. பழைய சோக் போட்ட டியூப், நம் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு வினாடிக்கு நூறு தடவை துடிக்கிறது. சுழலும் சக்கரம் அந்தத் துடிப்போடு ஒத்துப்போனால் நின்றுவிட்டது போலத் தெரியும், அல்லது மெதுவாகச் சுற்றுவது போலத் தெரியும். அதை நம்பிக் கையை நீட்டினால் கை போய்விடும். மலிவான எல்.ஈ.டி.யிலும் இந்தத் துடிப்பு உண்டு. ஆகவே இயந்திரம் உள்ள இடத்துக்குத் துடிக்காத நல்ல விளக்கு என்று கேட்டு வாங்க வேண்டும்.

தேயிலைத் தூசு படியும் இடத்துக்குத் தூசு புகாத உறையுள்ள விளக்கு வேண்டும். ஐ.பி. 65 என்று குறித்திருந்தால் தூசு புகாது, தண்ணீர் பீச்சினாலும் தாங்கும். பல ஸ்டோர்களில் விளக்குக்கு உறை போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடித் துண்டு தேயிலையில் விழுந்தால் வாங்குகிறவன் சரக்கைத் திருப்பி அனுப்பிவிடுவான் என்பதற்காக அது. தேயிலைக்குக் காட்டும் அந்த அக்கறையைத் தேயிலையைச் சுமக்கிறவனின் காலடிக்கும் காட்டும்படிதான் கேட்கிறோம்.

எங்கே தொங்கவிடுவது என்பதையும் மூட்டை அடுக்குகிறவர்களைக் கேட்டால் சரியாகச் சொல்வார்கள். அடுக்கு உயர்ந்ததும் அதற்கு மேலுள்ள விளக்கு மறைந்துவிடும், நடக்கிற பாதை இருட்டாகும். விளக்கு வரிசை பாதைக்கு நேர் மேலே இருக்க வேண்டும். ஆள் அசைவைப் பார்த்து எரிந்து அணையும் விளக்கு எப்போதாவது நுழையும் அறைக்குப் பொருந்தும். ஏணியில் நின்று வேலை செய்யும் இடத்தில் அது திடீரென்று அணைந்தால் விபத்துதான். கரண்ட் போய் ஜெனரேட்டர் பிடிக்கும் வரை படிக்கட்டிலும் வாசலிலும் பற்றரியில் எரியும் விளக்கு கட்டாயம் வேண்டும். இரவில் ரோலர் ஓடும் ஸ்டோருக்கு இது மிக அவசியம்.

கழற்றிய பழைய டியூப்களை லயத்துப் பின்பக்கம் கொட்ட விடாதீர்கள். உடைந்தால் பாதரசம் வெளியே வரும். அங்கே விளையாடுவது நம் பிள்ளைகள்.

இதெல்லாம் துரையின் தயவில் கேட்கும் சலுகை அல்ல. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், ஆட்கள் வேலை செய்யும், நடமாடும் ஒவ்வொரு பகுதியிலும் போதுமான, பொருத்தமான வெளிச்சம் இருக்க வேண்டும் என்று சொல்கிறது. அதை நடைமுறைப்படுத்துவது தொழில் திணைக்களத்தின் பொறுப்பு.

"சம்பளப் பிரச்சினையே தீரவில்லை, இதில் விளக்குப் பிரச்சினையா?" என்று நம்மவர்களே சிலர் கேட்கலாம். சம்பளப் போராட்டம் பெரியது, அதை விட முடியாது. ஆனால் இருட்டுப் படியில் கால் தவறி மூன்று வாரம் வீட்டில் இருப்பவருக்கு அந்த மூன்று வாரப் பேரும் போகிறது. நட்டஈட்டுக்கு அலையும் நாட்கள் வேறு. அந்தச் சம்பளத்தையும் காப்பாற்றுவது சங்கத்தின் வேலைதான். மலையில் கொழுந்து பறிக்கும் தாய்மாருக்கும் இதில் பங்கு உண்டு. அந்தி நேரத்தில் கொழுந்து மடுவத்தில் தராசின் எண் தெளிவாகத் தெரியாவிட்டால், இழக்கப்படும் ஒவ்வொரு கிலோவும் அவர்களுடையது.

ஆகவே தோட்டக் கமிட்டித் தலைவர்களும் மாதர் சங்கத் தலைவிகளும் விளக்கு மாற்றுவதற்கு முன்பே இதைக் கையில் எடுக்க வேண்டும். ஓர் இரவு ஸ்டோரைச் சுற்றி நடந்து பாருங்கள். இருட்டான படி, மறைந்த பாதை, தூசு படிந்த விளக்கு, துடிக்கும் டியூப் எல்லாவற்றையும் இடம் குறித்து எழுதுங்கள். டீமேக்கரிடமும் துரையிடமும் எழுத்தில் கொடுத்து, பிரதி ஒன்றைச் சங்கக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். பதில் வராவிட்டால் தொழில் திணைக்களத்துக்குக் கொண்டுபோவோம். விளக்கு ஒருமுறை மாட்டிவிட்டால் பத்து வருடம் அதே இடத்தில்தான் இருக்கும். பேச வேண்டிய நேரம் மாட்டுவதற்கு முன்புதான்.