மதிப்பெண் கேட்காத சாதியை நேர்காணல் கேட்கிறது

அமேசான் நடத்தும் 'ஏ.டபிள்யூ.எஸ். சர்டிஃபைடு டெவலப்பர் அசோசியேட்' தேர்வில் 65 கேள்விகள், 130 நிமிடங்கள். 1000க்கு 720 எடுத்தால், கிளவுடில் செயலி உருவாக்கத் தெரிந்தவர் என்று சான்றிதழ். திருத்துவது கணினி. அதற்கு ஊரும் தெரியாது, சேரியும் தெரியாது.

இதைக் காட்டித்தான் 'இந்தத் துறையில் திறமைக்கு மட்டுமே மதிப்பு' என்கிறார்கள். நாம் கேட்கிறோம்: அந்தத் தேர்வை எழுத யாரால் முடிகிறது? கட்டணம் 150 டாலர். நம் பணத்தில் 12,000 ரூபாய்க்கு மேல். தோற்றால் 14 நாள் கழித்து மறுபடியும் முழுக் கட்டணம். ஜப்பானியரும் கொரியரும் தங்கள் மொழியிலேயே எழுதலாம், தமிழில் இல்லை. மூன்று முறை தோற்றாலும் பணம் கட்ட ஆள் இருப்பவரும், தூய்மைப் பணி செய்யும் அம்மாவின் சம்பளத்தில் ஒரே முறை எழுதுபவரும் ஒரே கோட்டிலிருந்து ஓடவில்லை.

தேறிய பிறகு? நேர்காணலில் 'சொந்த ஊர் எது, அப்பா என்ன செய்கிறார்' என்று கேட்கிறார்கள். அரசு வேலையில் இடஒதுக்கீட்டுக்கு அரசியலமைப்பின் 16(4) இருக்கிறது. தனியார் நிறுவனங்களைக் கட்டுப்படுத்த அப்படி ஒரு பிரிவு இல்லை.

தேர்வே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. எழுதுவோம், தேறுவோம். தேறியவர்கள் அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுப்போம். ஆனால் சான்றிதழ் 3 ஆண்டில் காலாவதியாகும். சாதி தானாகக் காலாவதியாகாது. நம் மாணவர்களின் கட்டணத்தை அரசு கட்டட்டும். தனியார் துறையில் இடஒதுக்கீடு சட்டமாகட்டும். இரண்டையும் சேர்த்தே கேட்போம்.

ஜெய் பீம்.