அந்நிய நாட்டில் வீட்டுக் கிரயம்

அந்நிய தேசத்து வீட்டு வியாபாரிகள் சென்னையின் பெரிய ஹோட்டல்களில் கண்காட்சி வைத்து, துபாயில் வீடு வாங்கினால் அங்கேயே பல வருஷம் வாசம் செய்யலாமென்று ஆசை காட்டுகின்றனர். அதைக் கேட்டுக் குடும்பஸ்தர்கள் சிலர், ஊரிலுள்ள நிலத்தையும் வீட்டையும் விற்று அக்கரையில் குடியேறலாமா என்று யோசிக்கத் தலைப்பட்டிருக்கின்றனர். இது அவரவர் சொந்த விஷயமே. ஆயினும் இரண்டு தலைமுறைகளின் சேமிப்பு ஒரே கையெழுத்தில் கைமாறும் காரியமாதலால், நமது அபிப்பிராயத்தை வெளியிடுவது அவசியமென்று கருதுகிறோம்.

தமிழர் கடல் கடந்து செல்லலாகாது என்று சொல்ல நாம் முன்வரவில்லை. தொழிலும் கல்வியும் தேடிப் போகிறவர்களைத் தேசாபிமானமற்றவர்களென்று தூற்றுவது பேதைமையாகும். நாம் வற்புறுத்துவது வேறொன்று. ஒரு நாட்டில் வீடு வாங்குவது ஒரு விஷயம். அந்நாட்டில் வாழும் உரிமையைப் பெறுவது மற்றொரு விஷயம். முன்னது பத்திரத்தினால் வருவது. பின்னது அந்நாட்டுச் சர்க்காரின் சித்தத்தினால் வருவது. விற்பவர் இவ்விரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கொடுப்பார். வாங்குபவரே அதைப் பிரித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

துபாயில் 2002 முதல் குறிப்பிட்ட பகுதிகளில் அந்நியர் முழு உரிமையோடு வீடு வாங்க இடமளிக்கப்பட்டிருக்கிறது. 20 லட்சம் திர்ஹாம் மதிப்புள்ள சொத்துடையவர் 10 வருஷ வாச அனுமதி கோரலாம். ஆனால் அது அனுமதியேயன்றிக் குடியுரிமையன்று. இத்தகைய அனுமதிகளின் ஆயுள் எத்தகையது என்பதை ஐரோப்பாவைப் பார்த்து அறியலாம். வீடு வாங்கியதற்காக வாச அனுமதி தரும் வழியைப் போர்ச்சுகல் 2023-இல் அடைத்தது. ஸ்பெயின் 2025 ஏப்ரலில் அடைத்தது. கனடா 2023 ஜனவரி முதல் அந்நியர் வீடு வாங்குவதைப் பெரும்பாலும் தடுத்தது. சிங்கப்பூர் அதே வருஷத்தில் அந்நியருக்கான அதிகப்படி முத்திரை வரியை 60 சதவீதமாக உயர்த்தியது.

இந்தச் சர்க்கார்களை நாம் குறை கூறவில்லை. சொந்த ஜனங்களுக்கு வீடு எட்டாக்கனியாகும்போது, எந்தச் சர்க்காரும் தன் பிரஜைகளையே முதலில் நினைக்கும், நினைக்கவும் வேண்டும். வெளிநாட்டிலிருக்கும் அந்நியப் பிரஜை இந்தியாவில் விவசாய நிலம் வாங்க நமது சட்டமும் இடங்கொடுப்பதில்லை. நாம் நம் நாட்டில் நியாயமென்று கொள்வதை, பிறர் தம் நாட்டில் செய்தால் அநியாயமென்று சொல்லலாகுமா?

இவ்விஷயத்தில் தமிழருக்குப் பழைய பாடம் ஒன்று உண்டு. பர்மாவில் லேவாதேவி செய்த நாட்டுக்கோட்டை நகரத்தார் கைக்கு, 1930-ஐ ஒட்டி நெல் விலை வீழ்ந்தபோது, கடனுக்கு ஈடாக நிலங்கள் வந்து குவிந்தன. கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் ஜில்லாக்களில் 1937-இல் ஏறத்தாழ கால் பங்கு வயல்கள் அவர்கள் வசமிருந்தன. பத்திரங்களில் குற்றமில்லை, கோர்ட்டுகளும் அவற்றை ஒப்புக்கொண்டன. ஆயினும் நிலத்தை இழந்த பர்மியக் குடியானவன் அதை மறக்கவில்லை. யுத்தம் வந்தது, ஜனங்கள் உயிர் தப்பி ஓடினர். 1948-இல் பர்மா சுதந்திரமடைந்த வருஷத்திலேயே நிலத்தைத் தேசவுடைமையாக்கும் சட்டம் பிறந்தது. 1960-களில் எஞ்சியிருந்தோரில் லட்சக்கணக்கானோர் வெறுங்கையோடு கப்பலேறினர். பத்திரம் கையிலிருந்தது, நிலம் கையிலில்லை.

இதற்கு நேர்மாறானது மலாயாத் தமிழரின் சரித்திரம். 1957-இல் அந்நாடு சுதந்திரமடைந்ததை ஒட்டி வெள்ளைத் துரைமார் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது, கூலிக்காரத் தமிழர் வேலையையும் குடியிருப்பையும் இழந்து தெருவில் நிற்கும் நிலை நேர்ந்தது. 1960-இல் திரு. வீ. தி. சம்பந்தன் முன்னின்று தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஸ்தாபித்தார். தொழிலாளர்கள் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்துக் கெடா ராஜ்யத்தில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கினர். பிறகு வேறு பல தோட்டங்களையும் வாங்கினர். அச்சங்கம் இன்றும் நடந்துவருகிறது. நகரத்தாரைவிட இவர்கள் செல்வரல்லர். ஆனால் அந்நாட்டையே தம் நாடென்று கொண்டு, அங்கேயே உழைத்து, அதன் பிரஜைகளாகித் தமக்கென நிலம் தேடியவர்கள். வித்தியாசமெல்லாம் இதில்தான் இருக்கிறது.

நம் நாட்டுச் சட்டத்தையும் நேயர்கள் கவனிக்க வேண்டும். ரிசர்வ் பாங்கியின் விதிப்படி, இந்தியாவில் குடியிருக்கும் ஒருவர் நிதியாண்டொன்றில் 2,50,000 டாலர் வரையில்தான் வெளியே அனுப்பலாம். வீடு வாங்க அனுப்பும் தொகையில் 10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்டதற்கு 20 சதவீதம் முன்கூட்டியே வசூலிக்கப்படும். பின்னர் வருமான வரியில் அதைக் கழித்துக்கொள்ளலாம். வாங்கிய சொத்தை வருஷந்தோறும் வரிக் கணக்கில் காட்டவேண்டும். காட்டத் தவறினால் 2015-ஆம் வருஷத்துச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்க இடமுண்டு. இவற்றைக் கண்காட்சி மேடையில் எவரும் விளக்கப்போவதில்லை.

ரூபாயின் மதிப்பு குறைந்து வருவதால் வெளிநாட்டுச் சொத்தே க்ஷேமமானது என்பார் உளர். அவ்வாதத்தில் உண்மையில்லாமலில்லை. ஆனால் 2008-க்குப் பின் துபாயில் வீட்டு விலை சரிந்தபோது, நாணயம் உறுதியாக நின்றும் வீடு நிற்கவில்லை. மேலும், லாபத்துக்காக வாங்குவதும் வாழ்வதற்காக வாங்குவதும் வெவ்வேறு கணக்குகள். லாபம் தேடுபவர் இழந்தால் தாங்கக்கூடிய பணத்தை மட்டுமே போடுவார். வாழ்வு தேடுபவர் உள்ளதனைத்தையும் போட்டுவிடுகிறார், ஆபத்து அவருக்கே.

ஆகையால் நாம் கூறும் யோசனை இதுதான். வீட்டை நம்பாமல், தொழிலாலோ கல்வியாலோ வாச உரிமையை முதலில் நாடுங்கள். இரண்டு வருஷமாவது வாடகைக்குக் குடியிருந்து, அந்த ஊரின் செலவையும் சட்டத்தையும் அறிந்துகொள்ளுங்கள். விற்பவர் காட்டும் வக்கீலை விட்டு, நீங்களே வேறொரு வக்கீலை அமர்த்துங்கள். அந்நாட்டு வாரிசுச் சட்டத்தை விசாரித்து உயில் எழுதிவையுங்கள். அதன் பிறகும் அங்கேதான் நம் வாழ்வு என்று குடும்பம் முழுவதும் ஒருமனப்பட்டால் தாராளமாக வாங்குங்கள். ஆனால் வயது முதிர்ந்த தாய் தந்தையர் வசிக்கும் ஊர் வீட்டை விற்றால்தான் அக்கரை வீட்டை வாங்க முடியுமென்றால், அக்கிரயம் வேண்டாமென்பதே நமது தீர்மானமான அபிப்பிராயம்.