வாடகை குறைவு, செலவு அதிகம்!

சென்னையில் வீடு தேடுவோர் போட வேண்டிய கணக்கு

ஞாயிற்றுக்கிழமை காலை. கணவன் கையில் ஒரு துண்டுக் காகிதம். மனைவியின் இடுப்பில் குழந்தை. தெருத்தெருவாக நடக்கிறார்கள். எந்த வீட்டு வாசலிலாவது 'வாடகைக்கு விடப்படும்' என்ற அட்டை தொங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே போகிறார்கள்.

ஓர் இடத்தில் தொங்குகிறது. கதவைத் தட்டுகிறார்கள்.

"எத்தனை பேர்?"

"சைவமா, அசைவமா?"

"சொந்த ஊர் எது? அங்கே என்ன வகையறா?"

கேள்விமேல் கேள்வி. எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி முடித்த பிறகுதான் வாடகை என்னவென்றே தெரிகிறது. அதற்கு மேல் பத்து மாத அட்வான்ஸ்! இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். ஒன்றும் பேசாமல் படி இறங்குகிறார்கள்.

தெருமுனை டீக்கடையில் ஒருவர் யோசனை சொல்கிறார். "ஏன் சார் இங்கே அலைகிறீர்கள்? தாம்பரத்தைத் தாண்டிப் போங்கள். வாடகை ரொம்பக் குறைவு!"

அவர் சொல்வது பொய் அல்ல. ஆனால் முழுக் கணக்கும் அல்ல.

அன்று ஒண்டுக்குடித்தனம்

சென்னையில் வீட்டுக் கஷ்டம் புதிதல்ல. திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் ஜார்ஜ் டவுனிலும் ஒரே வாசலுக்குள் ஏழெட்டுக் குடும்பங்கள் இருந்த காலம் உண்டு. ஒரு கிணறு, ஒரு குழாய், ஒரு கழிப்பிடம். அதற்கு 'ஸ்டோர்' என்று பெயர். குடக்கூலி குறைவு. சண்டை அதிகம். ஆனாலும் வேலைக்கு நடந்தே போய்விடலாம்.

1931-ல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரெயில் ஓடத் தொடங்கியது. ஊர் தெற்கே நீண்டது. ரெயில் நிலையம் எங்கெங்கு இருந்ததோ அங்கெல்லாம் வீடுகள் முளைத்தன. 2011-ல் மாநகராட்சியின் பரப்பே 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராகிவிட்டது. அம்பத்தூரும் மாதவரமும் திருவொற்றியூரும் சோழிங்கநல்லூரும் இப்போது சென்னைதான். 2021-ல் தாம்பரமே தனி மாநகராட்சியாகிவிட்டது.

ஊர் பெரிதானால் வீடு எளிதாகக் கிடைக்க வேண்டும் அல்லவா? கிடைக்கிறது. வேலை மட்டும் பழைய இடத்திலேயே நின்றுவிடுகிறது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள்

கணவன் பாரிமுனையில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மனைவி புரசைவாக்கத்தில் தையல் வேலை பார்க்கிறார். பெரம்பூரில் வாடகை 11,000 ரூபாய் சொல்கிறார்கள். கூடுவாஞ்சேரியில் அதே அளவு வீடு 7,500 ரூபாய். மாதம் 3,500 ரூபாய் மிச்சம்!

மிச்சமா? பார்ப்போம்.

கூடுவாஞ்சேரி என்று சொன்னாலும், அந்த வாடகைக்கு வீடு ரெயில் நிலையத்தின் எதிரில் கிடைக்காது. உள்ளே தள்ளித்தான் கிடைக்கும். நிலையத்துக்கு வர ஷேர் ஆட்டோ. ஆளுக்கு 20 ரூபாய் என்றால், இரண்டு பேருக்குப் போக வர 80 ரூபாய். மாதம் 26 நாளுக்கு 2,080 ரூபாய். விடிந்ததும் கிளம்பி இருட்டிய பிறகு வருவதால் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் இடம் வேண்டும். அதற்கு 1,500 ரூபாய். ஆக 3,580 ரூபாய்.

மிச்சம் போய், 80 ரூபாய் கையைக் கடிக்கிறது. ரெயில் சீசன் டிக்கெட்டை இன்னும் சேர்க்கவே இல்லை.

இதைவிடப் பெரிய செலவு ஒன்று இருக்கிறது. அதை யாரும் காகிதத்தில் எழுதுவதில்லை. அதுதான் நேரம். பெரம்பூரிலிருந்து போவதைவிட நாளுக்கு இரண்டரை மணி நேரம் கூடுதலாகப் பயணத்தில் போகிறது. 26 நாளுக்கு 65 மணி நேரம். எட்டு நாள் முழு வேலைக்குச் சமம். கூலி இல்லாத வேலை! அந்த நேரத்தில்தான் குழந்தைக்குப் பாடம் சொல்லித் தர வேண்டும். அந்த நேரத்தில்தான் அம்மா கொஞ்சம் உட்கார வேண்டும்.

வேலை மறைமலை நகரிலோ மகேந்திரா சிட்டியிலோ என்றால் கதை வேறு. அவர்களுக்குக் கூடுவாஞ்சேரிதான் நல்ல இடம். மலிவான பேட்டை எது என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. 'என் வேலைக்கு எது மலிவு?' என்றே கேட்க வேண்டும்.

2021-ம் ஆண்டு மே மாதம் முதல் சாதாரண அரசுப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. வேலைக்குப் போகும் பெண் உள்ள குடும்பம் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். வீட்டுக்குப் பக்கத்தில் அந்தப் பேருந்து வருகிறதா, எத்தனை மணிக்கு ஒரு தடவை வருகிறது என்று விசாரித்துவிட்டு வீடு பார்ப்பது நல்லது.

வடக்கு என்றால் முகம் சுளிப்பதா?

இங்கே ஒரு விஷயத்தை வெளிப்படையாகச் சொல்லத்தான் வேண்டும். சென்னையில் நடுத்தரக் குடும்பங்கள் பலவற்றுக்கு வடக்குத் திசையே பிடிப்பதில்லை. ராயபுரம், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி என்றாலே முகம் சுளிக்கிறார்கள். "அங்கேயா? பெண்ணுக்கு வரன் வருமா?" என்று கேட்கிறார்கள். சினிமாவில் ரவுடி என்றால் அவன் வீடு வடசென்னையில்தான் இருக்கும். பாவம், படம் பார்த்தே பலர் பயந்துவிட்டார்கள்.

உண்மை என்ன? தென்னிந்தியாவின் முதல் ரெயில் நிலையம் 1856-ல் ராயபுரத்தில்தான் திறக்கப்பட்டது. பெரம்பூரில் ரெயில் பெட்டித் தொழிற்சாலை 1955-ல் தொடங்கியது. சம்பளம் வாங்கி, பிள்ளைகளைப் படிக்க வைத்து, ஒழுங்காக வாழ்ந்த தொழிலாளிக் குடும்பங்களால் வளர்ந்த ஊர் அது. 2021-ல் மெட்ரோ ரெயில் தண்டையார்பேட்டை வழியாக விம்கோ நகர் வரை போய்விட்டது. அங்கிருந்து பாரிமுனையும் சென்ட்ரலும் கூப்பிடு தூரம்.

"குப்பை மேடு இருக்கிறதே?" என்று கேட்பார்கள். கொடுங்கையூரில் இருக்கிறது, உண்மை. ஆனால் தெற்கே பெருங்குடியிலும்தான் இருந்தது. கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்ததும் அந்தப் பக்கம் வாடகை ஏறவில்லையா? அங்கே நாறாத குப்பை இங்கே மட்டும் நாறுமா?

குறை இல்லை என்று சொல்ல முடியாது. மணலி, எண்ணூர் பக்கம் ஆலைப் புகை உண்டு. 2023 டிசம்பரில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்து மீனவர்கள் பட்ட பாட்டை நாடே பார்த்தது. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளும் தொல்லைதான். இழுப்பு நோய் உள்ளவர்கள் யோசிக்க வேண்டும். இப்படி நல்லதையும் கெட்டதையும் நேரில் பார்த்து ஒதுக்கினால் அது நியாயம். பெயரைக் கேட்டதும் ஒதுக்கினால், மாதாமாதம் அந்த வறட்டுக் கௌரவத்துக்கும் சேர்த்துத்தான் வாடகை கொடுக்க வேண்டியிருக்கும்.

மழை சொல்லும் சாட்சி

வாடகை மிகவும் குறைவாக இருந்தால், மழைக்காலத்தைப் பற்றிக் கேளுங்கள்.

சென்னையின் ஊர்ப் பெயர்களே பல விஷயங்களைச் சொல்லும். 'தாங்கல்' என்றால் சிறிய ஏரி. மாம்பலம் ஏரியைத் தூர்த்துத்தான் 1920-களில் தியாகராய நகர் எழுந்தது. 1976-ல் வள்ளுவர் கோட்டம் திறக்கப்பட்டதும் நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில்தான். பணக்காரர்களும் ஏரியில்தான் குடியிருக்கிறார்கள்! ஆனால் அவர்கள் வெள்ளம் வந்தால் மாடிக்குப் போவார்கள். தரைத்தளத்தில் குறைந்த வாடகைக்கு இருப்பவர் எங்கே போவார்?

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் வேளச்சேரி, முடிச்சூர் பகுதிகளில் தண்ணீர் புகுந்தது. ஒரே இரவில் பீரோ, பிரிட்ஜ், பிள்ளைகளின் சர்டிபிகேட் எல்லாம் நனைந்தன. இரண்டு வருஷம் மிச்சம் பிடித்த வாடகை அந்த ஓர் இரவில் போய்விடும்.

வீட்டுக்காரரிடம் கேட்டால், "இங்கே தண்ணீரே வராது" என்பார். பக்கத்து மளிகைக் கடைக்காரரிடம் கேளுங்கள். பால் போடுகிறவரிடம் கேளுங்கள். சுவரில் இடுப்பளவில் கோடு தெரிகிறதா என்று பாருங்கள். புதிதாக வெள்ளையடித்திருந்தால் இன்னும் கவனமாகப் பாருங்கள்.

கோடைத் தண்ணீரும் அப்படித்தான். 2019-ல் ஏரிகள் வறண்டபோது, குடத்தை வைத்துக்கொண்டு லாரிக்குக் காத்து நின்றவர்களைக் கேட்டால் தெரியும். போர் தண்ணீரை வாயில் ஊற்றிப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

மின்சார மீட்டர் யார் பெயரில், எத்தனை வீட்டுக்கு என்பதும் முக்கியம். 2016 முதல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். தனி இணைப்பு இல்லாமல், யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரரே வசூலித்தால், அந்தச் சலுகை வாடகைதாரர் கைக்கு வருவதில்லை.

சட்டம் இருக்கிறது, ஆனால்...

பழைய வாடகைச் சட்டத்துக்குப் பதிலாக 2017-ல் புதுச் சட்டம் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கிறது. வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொண்டால் தவிர, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது.

அந்த 'வேறு விதமாக' என்ற இரண்டு வார்த்தைக்குள்தான் பத்து மாதம் நுழைந்துவிடுகிறது. ஆனாலும் சட்டம் தெரிந்தவராகப் பேசினால், பத்தை ஆறாகக் குறைப்பவர்கள் உண்டு. கேட்காதவருக்கு ஒன்றும் குறையாது.

அரசாங்கத்துக்கும் இதில் பங்கு உண்டு. 1970-ல் குடிசை மாற்று வாரியம் வந்தபோது, குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டிக் கொடுத்தார்கள். பிற்காலத்தில் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று ஆற்றோரத்து மக்களை ஊர் எல்லைக்கு அனுப்பினார்கள். வீடு கிடைத்தது. ஆனால் நகருக்குள் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துச் சம்பாதித்த பெண்கள் பலருக்கு வேலை போயிற்று. பிள்ளைகள் பள்ளிக்கூடம் மாறினார்கள். பழைய குடியிருப்புகளை இடித்து அதே இடத்தில் கட்டும் வேலையும் நடக்கிறது. அதுதான் சரியான வழி. ஏழைக்கு வீடு கட்ட நகருக்குள் இடமே இல்லை என்று சொன்னால், அதை நம்புவது கடினம்.

வீடு தேடிய அந்தக் கணவனும் மனைவியும் மாலையில் பெரம்பூருக்கு வருகிறார்கள். முதல் மாடி. இரண்டு அறை. மனைவி நேரே வாசலில் பூ விற்கும் அம்மாளிடம் போகிறார்.

"அம்மா, மழைக்கு இங்கே எப்படி?"

"தெருவிலே முழங்கால் அளவு நின்றது. மாடிக்கு ஒன்றும் இல்லை. ஆனால் மோட்டாரைக் கொஞ்சம் உயரமாக வைக்கச் சொல்லு."

கணவன் துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொள்கிறார்: 'மோட்டார் - உயரம். அட்வான்ஸ் - ஆறு மாதம் கேட்க வேண்டும்.' பிறகு வீட்டுக்காரரைப் பார்க்க இருவரும் மாடி ஏறுகிறார்கள்.