ரிசானாவுக்காகக் கேட்ட நீதி தம்புள்ளைக்கும் வேண்டும்

2013 ஜனவரி 9ஆம் திகதி, மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக்கின் தலை சவூதி அரேபியாவில் வெட்டப்பட்டது. பணிப்பெண்ணாக இருந்த வீட்டில் அவர் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட கைக்குழந்தை 2005 மே மாதம் இறந்தபோது அவருக்கு வயது 17. பிறப்புச் சான்றிதழில் 1988 என்றிருந்த பிறந்த ஆண்டு, வெளிநாட்டுக்கு அனுப்புவதற்காகக் கடவுச்சீட்டில் 1982 ஆக்கப்பட்டிருந்தது. சம்பவம் நடந்தபோது அவர் சிறுமி, அவரைக் கொல்லாதீர்கள் என்று இலங்கை கட்சி, இன, மத பேதமின்றி மன்றாடியது.

அதே இலங்கையில், கொலையிலோ வன்புணர்விலோ 16, 17 வயதுப் பையன் ஒருவன் சிக்கிவிட்டால் வேறு குரல் ஒலிக்கிறது. பெரியவன் செய்வதைச் செய்தவனுக்குப் பெரியவனுக்குரிய தண்டனையைக் கொடுங்கள் என்கிறார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் அந்தக் கோபம் நியாயமானது. அதைச் சட்டமாக்குவது நியாயமாகாது.

இன்னொன்றையும் பலர் அறிவதில்லை. 1939ஆம் ஆண்டின் சிறுவர் மற்றும் இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம், கொலை, கொலை முயற்சி போன்ற பாரதூரமான குற்றங்களைச் சிறுவர் நீதிமன்றத்தின் அதிகாரத்துக்கு வெளியே வைத்தது. ஆகவே கேட்கப்படும் கடுமையில் பெரும்பகுதி ஏற்கெனவே சட்டத்தில் இருந்து வருவதுதான். குற்றப் பொறுப்புக்கான குறைந்தபட்ச வயதுகூட 2018 வரை 8 ஆகவே இருந்தது. அந்த ஆண்டுதான் 12 ஆனது.

2015 செப்டம்பரில் கொட்டதெனியாவையில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி கொல்லப்பட்டபோது நாடே கொதித்தது. பொலிஸார் 17 வயது மாணவன் ஒருவனைப் பிடித்தார்கள். ஊடகங்கள் அவனைக் குற்றவாளியாகவே காட்டின. பொலிஸ் காவலில் தாக்கப்பட்டதாக முறைப்பாடும் எழுந்தது. மரபணுப் பரிசோதனை அவன் நிரபராதி என்று காட்டியது. வளர்ந்த ஆண் ஒருவனுக்கே 2016இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. விசாரணை அறையில் தனியே அகப்பட்ட 17 வயதுப் பிள்ளை, அடிக்குப் பயந்து எதையும் ஒப்புக்கொள்ளக்கூடும். வயதுக்குரிய பாதுகாப்பு குற்றவாளியைத் தப்பவிடுவதற்காக ஏற்பட்டதன்று. இப்படிப்பட்ட பிள்ளைக்கு முதலில் தேவைப்படுவது அதுதான்.

2012இல் டெல்லியில் 17 வயதுப் பையன் ஒருவனும் சிக்கிய கூட்டு வன்புணர்வுக் கொலைக்குப் பின் இந்தியா வேறு வழியில் போனது. 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கொடுங்குற்றம் சாட்டப்பட்ட 16 முதல் 18 வயதுக்கு உட்பட்டவரின் மனப்பக்குவத்தை இளைஞர் நீதிக் குழுமம் மதிப்பிட்ட பிறகு, வயது வந்தவராகவே விசாரிக்கலாம். ஒரு பதின்ம வயதினரின் மனதைச் சில வாரங்களில் எடைபோடுவது அனுபவமிக்க மருத்துவருக்கே கடினம். அமெரிக்காவின் அனுபவமும் எச்சரிக்கிறது. அங்கே நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2007இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பின்படி, பெரியவர்களின் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்ட இளையோர், சிறுவர் நீதிமுறையில் வைக்கப்பட்டவர்களைவிடச் சுமார் 34 சதவீதம் அதிகமாக மீண்டும் வன்குற்றங்களுக்காகவோ பிற குற்றங்களுக்காகவோ கைதானார்கள். பாதிக்கப்பட்டவருக்கு ஆறுதலாகக் கேட்ட சட்டம் புதிதாகப் பாதிக்கப்படுபவர்களை உருவாக்குகிறது.

நாடெங்கிலும் இருந்து மரக்கறி லொறிகள் வந்து சேரும் தம்புள்ளையில் ஒரு பையன் கைதானால் என்ன நடக்கும்? தனிச் சிறுவர் நீதிமன்றம் என்று நீண்டகாலமாகப் பெயர் சொல்ல முடிந்தது பத்தரமுல்லையையும் யாழ்ப்பாணத்தையும்தான். பத்தரமுல்லை ஏறக்குறைய 150 கிலோமீட்டர் தூரம். மற்ற ஊர்களில் வழமையான வழக்குகளைக் கேட்கும் நீதவானே சிறுவர் வழக்கையும் கேட்கிறார். பாரதூரமான வழக்கு மேல் நீதிமன்றத்துக்குப் போய், சட்டமா அதிபரின் குற்றப்பத்திரத்துக்காகக் காத்திருந்து, ஆண்டுக்கணக்கில் இழுபடும். தீர்ப்பு வரும்போது கூண்டில் நிற்பவன் மீசை முளைத்த இளைஞன். குற்றம் நடந்த நாளில் அவனுக்கு என்ன வயது என்பதை நீதிமன்றம் மறக்கக்கூடாது. பிள்ளையை இழந்த குடும்பத்தையும் அத்தனை காலம் காக்க வைக்கக்கூடாது.

இதற்காகத் தண்டனையைக் கூட்ட வேண்டியதில்லை. பொலிஸ் நிலையத்தில் முதல் வாக்குமூலம் பதியப்படும்போதே சட்டத்தரணியும் பெற்றோரும் பக்கத்தில் இருக்க வேண்டும். நன்னடத்தை உத்தியோகத்தரின் அறிக்கை காலம் தாழ்த்தாமல் வர வேண்டும். தம்புள்ளை போன்ற ஊர்களில் சிறுவர் வழக்குகளுக்கென்றே தனி நாள், தனி அறை ஒதுக்கப்பட வேண்டும். 18 வயதுக்குக் கீழ் குற்றம் சாட்டப்பட்டவரின் வழக்குக்கு மேல் நீதிமன்றமும் சட்டமா அதிபர் திணைக்களமும் முன்னுரிமை தர வேண்டும். இலங்கை சிறுவர் உரிமைச் சமவாயத்தை 1991இல் ஏற்றது. ரிசானாவின் உயிருக்காக சவூதியிடம் எடுத்துச் சொல்லப்பட்டதும் அந்தச் சமவாயத்தின் நெறிதான். மாத்தளை மாவட்டத்தில் நாளை கைதாகக்கூடிய 17 வயதுப் பையனுக்கும் அது பொருந்தும்.