அட்வான்ஸ் கட்டியாச்சு, வண்டி எப்போ வரும்?

பொட்டிப்புரம் பக்கத்து ஆட்களுக்குக் காத்திருப்பு ஒன்றும் புதிதல்ல. ஊர்ப் பெயரை வெளியுலகுக்குக் கொண்டுபோன நியூட்ரினோ ஆய்வகத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது 2015 ஜனவரியில். அனுமதிக்க முடியாது என்று தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் சொன்னது 2022-ல். ரயில் கதையும் அப்படித்தான். 2010 கடைசியோடு நின்றுபோன மதுரை - போடி ரயில், அகலப்பாதையில் தேனிக்கு வர 2022 மே ஆனது; போடியைத் தொட 2023 ஜூன். இந்தக் கணக்கில், எலெக்ட்ரிக் காருக்கு நாலைந்து மாதம் காத்திருப்பதெல்லாம் ஒரு விஷயமா என்று தோன்றும். ஆனால், ரயிலுக்குக் காத்திருந்த யாரும் அட்வான்ஸ் கட்டவில்லையே!

கட்டிவிட்டுக் காத்திருந்ததில் சாதனை படைத்தவர்கள் டெஸ்லா பிரியர்கள். 2016 மார்ச் கடைசியில் 'மாடல் 3' காரை, 35,000 டாலர் விலை என்று சொல்லி அறிமுகப்படுத்தினார் எலான் மஸ்க். முன்பணம் 1,000 டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 66,000 ரூபாய். பேடிஎம் நிறுவனர் விஜய் சேகர் சர்மா உட்பட இந்தியர்கள் சிலரும் ஆசையாகக் கட்டினார்கள். இறக்குமதி வரிப் பேச்சிலேயே வருடங்கள் ஓடின. 2025 மே மாதம், அவர்களில் சிலருக்குப் பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்று மெயில் வந்தது. அடுத்த இரண்டே மாதத்தில், ஜூலை 15 அன்று மும்பையில் ஷோரூம் திறந்தது டெஸ்லா. விற்பனைக்கு வைத்தது மாடல் 3 அல்ல, 'மாடல் ஒய்'. ஆரம்ப விலையே 59.89 லட்சம்! ஒன்பது வருட வட்டி போனாலும், டாலர் கணக்கிலேயே பணம் திரும்பியிருந்தால் ரூபாயின் சரிவு கொஞ்சம் ஆறுதல் தந்திருக்கும்.

முன்பணம் என்பது வரிசையில் ஓர் இடத்துக்கான விலை. வண்டிக்கான விலையோ, தேதிக்கான உத்தரவாதமோ அல்ல. அந்த வரிசையும் ரேஷன் கடை வரிசை போல நகராது. மஹிந்திரா தன் பி.இ.6, எக்ஸ்.இ.வி.9இ கார்களுக்கு 2025 பிப்ரவரி 14 அன்று புக்கிங்கைத் திறந்தபோது, ஒரே நாளில் 30,179 பேர் பதிவு செய்தார்கள். எல்லா வசதிகளும் கொண்ட உயர் ரக வேரியன்ட்டுக்கு மார்ச்சிலேயே டெலிவரி. விலை குறைந்த ஆரம்ப வேரியன்ட்டுக்கு ஆகஸ்ட் என்று நிறுவனம் முன்கூட்டியே அறிவித்திருந்தது. அதாவது, காலையில் முதல் ஆளாகக் கட்டியவர்கூட, பட்ஜெட் வண்டி கேட்டிருந்தால் அரை வருடம் உட்கார வேண்டியதுதான். வியாபாரத்தில் இது சகஜம். தப்பென்று சொல்ல முடியாது. ஆனால், புக் செய்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி 'இந்த மாடல் எப்போ வரும்' என்பதல்ல, 'இந்த வேரியன்ட், இந்த கலர் எப்போ வரும்' என்பதே.

பொட்டிப்புரத்தில் ஒருவர், மேலே ஏலத்தோட்டத்துக்குப் போய்வர எலெக்ட்ரிக் கார் புக் செய்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் நிஜமாகவே ஏமாறக்கூடிய இடம் வங்கிக் கடன். 'வண்டி வந்துடும் சார், லோனை ரிலீஸ் பண்ணிடுங்க' என்று போன் வரும். கடன் தொகை கைமாறிய நாளிலிருந்து வட்டி ஓட ஆரம்பித்துவிடும், வண்டி எந்த யார்டில் நின்றாலும். தன் பெயருக்கு ஒதுக்கிய வண்டியின் சேஸிஸ் நம்பர் எழுத்தில் கைக்கு வரும்வரை அந்தக் கையெழுத்தைப் போடாமல் இருப்பது நல்லது. பழைய வண்டியை 'நல்ல விலை வருது' என்று முந்திக்கொண்டு விற்பதும் அப்படித்தான். அவசரத்துக்கு ஆஸ்பத்திரி போக, அடுத்த வீட்டு வாசலில் நிற்க வேண்டிவரும்.

காத்திருக்கும் மாதங்களில் செய்ய வேண்டிய வேலை ஷோரூமில் இல்லை, வீட்டில் இருக்கிறது. கார் வந்து, மாலை போட்டு, சூடம் காட்டி, ராத்திரி பிளக்கைச் செருகினால் சார்ஜரில் சிவப்பு விளக்கு! காரணம், வீட்டில் எர்த் சரியில்லை. பழைய வயரிங் உள்ள வீடுகளில் இது நடக்கக்கூடியதுதான். எர்த் இல்லாத இடத்தில் பெரும்பாலான கார் சார்ஜர்கள் வேலை செய்ய மறுத்துவிடும். அது நம் உயிருக்கான பாதுகாப்பு. எலெக்ட்ரீஷியனை இப்போதே கூப்பிட்டு, எர்த் குழியையும், மீட்டரிலிருந்து கார் நிற்கும் இடம் வரை தனி ஒயரையும் பார்த்துவிட வேண்டும். சாதாரண 15 ஆம்பியர் பிளக்கில் மணிக்கு சுமார் 3 யூனிட்தான் ஏறும். 40 யூனிட் பேட்டரி நிரம்ப ஓர் இரவு போதாது. வேகமான சார்ஜர் வேண்டுமென்றால் வீட்டு இணைப்பின் மின்சுமையைக் கூட்ட மின்வாரியத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அதற்கும் நாள் பிடிக்கும். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினால் இரண்டு மாதத்துக்கு 300 யூனிட்டுக்கு மேல் கூடும். வீட்டு மின்கட்டணத்தில் 500-ஐத் தாண்டினால் கீழ்ப்படியில் உள்ள சலுகையும் குறையும் என்பதால், பழைய பில்லை எடுத்து ஒருமுறை கூட்டிப் பார்க்கலாம்.

போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளை நினைத்துப் பயப்பட வேண்டியதில்லை. ஆட்களோடு சேர்த்து 2,000 கிலோ எடையை 1,000 மீட்டர் உயரம் தூக்க, சமதளச் செலவு போக, சுமார் ஐந்தரை யூனிட் ஆகும். இறங்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராகி அதில் பாதிக்கு மேல் பேட்டரிக்குத் திருப்பித் தந்துவிடும். ஒன்றே ஒன்று, மேலே தோட்டத்து வீட்டில் 100 சதவிகிதம் சார்ஜ் போட்டுக்கொண்டு இறங்கக் கூடாது. நிரம்பிய பேட்டரியில் அந்த மின்சாரத்துக்கு இடமிருக்காது; பாரமெல்லாம் சாதாரண பிரேக் மேல் விழும்.

டெலிவரி நாளில் தயாரிப்பு மாதத்தைப் பார்த்துக்கொள்வது முக்கியம். டிசம்பரில் செய்த வண்டியை ஜனவரியில் வாங்கினால், விற்கும்போது ஒரு வயது கூடுதல். யார்டில் நெடுநாள் நின்ற வண்டியென்றால், பெரிய பேட்டரி நன்றாக இருந்தாலும் சின்ன 12 வோல்ட் பேட்டரி இறங்கிப்போயிருக்கலாம். அதைச் சோதித்துத் தரச் சொல்லிவிட்டு, டயருக்கடியில் எலுமிச்சம்பழத்தை வைக்கலாம்.