இரண்டாவது கோல் காவலர் தேவையா?



இரண்டு வாரங்களாக எங்கள் புலனக் குழுவில் அனல் பறக்கிறது. மதிப்பீட்டுத் தாளைப் பற்றியோ பள்ளிப் பேருந்துக் கட்டணத்தைப் பற்றியோ அன்று. கற்பனைக் காற்பந்து அணியில் கோல் காவலர் எத்தனை பேர் இருக்க வேண்டும் என்பதே வழக்கு. ஆசிரியர்களுக்கு வேறு வேலை இல்லையா எனச் சிலர் நினைக்கக்கூடும். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

அறியாதவர்களுக்காகச் சிறு விளக்கம். இங்கிலாந்துப் பிரிமியர் லீக்கின் அதிகாரப்பூர்வக் கற்பனை ஆட்டம் 2002-ஆம் ஆண்டில் தொடங்கியது. பங்கேற்பவர் 100 மில்லியன் பவுண்டு கற்பனைப் பணத்தில் 15 ஆட்டக்காரர்களை வாங்க வேண்டும். 2 கோல் காவலர், 5 தற்காப்பு ஆட்டக்காரர், 5 மத்தியத் திடல் ஆட்டக்காரர், 3 தாக்குதல் ஆட்டக்காரர் என்பது கணக்கு. ஒரே கிளப்பிலிருந்து மூவருக்கு மேல் கூடாது. அந்த ஆட்டக்காரர்கள் உண்மைத் திடலில் செய்வதற்கேற்ப நமக்குப் புள்ளி சேரும். சனிக்கிழமை இரவு 10 மணிக்கு, அங்கே குளிர்காலமென்றால் 11 மணிக்கு, கிள்ளான் மாமாக் கடைகளில் நிரம்பி வழியும் கூட்டத்தில் பாதிப் பேர் கையில் கைப்பேசியோடு தலையில் கை வைத்திருப்பதன் காரணம் இதுதான்.

எங்கள் குழுவின் ஆட்டம் சற்று மாறுபட்டது. ஏழு ஆசிரியர்களும் ஐந்து பெற்றோர்களும் உள்ளோம். ஓர் ஆட்டக்காரர் ஒருவருக்கே சொந்தம். முறை வைத்துத் தேர்ந்தெடுப்போம். கணித ஆசிரியர் பயிற்றுப் புத்தகத்தில் புள்ளிகளைப் பதிவு செய்கிறார். பணம் கிடையாது. காற்பந்துச் சூதாட்டத்தால் குடும்பங்கள் சீரழிந்ததைக் கண்டவர்கள் நாங்கள். அந்த வாசலை முதல் நாளே அடைத்துவிட்டோம். கடைசி இடம் பெறுபவர் மற்றவர்களுக்குப் பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு வாங்கித் தர வேண்டும், அவ்வளவுதான். (சென்ற ஆண்டு வாங்கித் தந்தவன் அடியேன்.)

சிக்கலை எழுப்பியவர் துறைமுகத்தில் லாரி ஓட்டும் ஒரு தந்தை. "சார், மொத்தம் 20 கிளப். கோல்ல நிக்கிறவங்க 20 பேர்தான். நாம 12 பேரு, ஆளுக்கு ரெண்டுன்னா 24. மீதி நாலு பேருக்கு எங்க போறது?" என்றார். கணக்கில் பிழை இல்லை. போதாக்குறைக்குச் சென்ற பருவத்தில் எங்களுள் ஒருவர் நான்கு கோல் காவலர்களை முன்கூட்டியே வளைத்துப் போட்டுக்கொண்டு, பிறர் கெஞ்சும்போது நல்ல தாக்குதல் ஆட்டக்காரரை மாற்றாகக் கேட்டார். ஆகவே ஒருவர் போதும், அந்த இடத்தில் இன்னொரு தாக்குதல் ஆட்டக்காரரை வைத்துக்கொள்வோம் என்பது தந்தையின் முன்மொழிவு. பெரும்பான்மை அவர் பக்கம் சாய்ந்திருக்கிறது.

இதே வழக்கு அமெரிக்காவில் பல ஆண்டுகளாக நடக்கிறது என்பதைப் பின்னர்தான் படித்தறிந்தேன். அவர்களின் காற்பந்து வேறு. முட்டை வடிவப் பந்து. அதில் குவாட்டர்பேக் என்பவர்தான் அணியின் மூளை. பந்தை வாங்குவதும் எறிவதும் ஆட்டத்தை நடத்துவதும் அவரே. மொத்தம் 32 கிளப்புகள். கற்பனை ஆட்டத்தில் 12 பேர் ஆளுக்கு ஒரு குவாட்டர்பேக்கை இறக்கினால் 20 பேர் மீதமிருப்பர். விளைவு, உண்மைத் திடலில் மிக முக்கியமானவர் கற்பனைச் சந்தையில் மலிந்துபோகிறார். அவசரமின்றிக் கடைசிச் சுற்றுகளில் எடுத்துக்கொள்ளலாம். மேலும் அங்கே பல குழுக்களில், பந்தை எறிந்து பெறும் டச்டவுனுக்கு எறிந்தவருக்கு 4 புள்ளி, பிடித்தவருக்கு 6 புள்ளி. இக்குறையைப் போக்கச் சிலர் இரண்டு குவாட்டர்பேக்குகளைக் கட்டாயமாக்கினர். வேறு சிலர் விரும்பினால் இரண்டாமவரை இறக்கலாம் என்று 'சூப்பர்பிளெக்ஸ்' எனும் இடத்தை உண்டாக்கினர். உடனே பதுக்கல் தொடங்கிற்று. ஆளுக்கு மூவர் என்றால் 36, இருப்பதோ 32. எனவே ஒருவர் இத்தனை பேரைத்தான் வைத்திருக்கலாம் என்று உச்சவரம்பு கேட்போரும் உண்டு. நம் லாரி ஓட்டுநர் நண்பர் அங்கே பிறந்திருந்தாலும் இதே கேள்வியைத்தான் கேட்டிருப்பார்.

என் கருத்து வேறு. எண்ணிக்கையைக் குறைப்பது நோயை விட்டுவிட்டு நோயாளியை வெளியேற்றுவதாகும். கோல் காவலர் நமக்குச் சுமையாகத் தோன்றுவதற்குக் காரணம், புள்ளி முறை அவரை மதிக்காமையே. அதிகாரப்பூர்வ விதிப்படி ஒரு தாக்குதல் ஆட்டக்காரர் ஒரு கோல் போட்டால் 4 புள்ளி. கோல் காவலர் மூன்று பந்துகளைத் தடுத்தால்தான் 1 புள்ளி. இரண்டு கோல் விட்டாலோ 1 புள்ளி குறையும். 2025-26 பருவத்தில் பந்தைப் பறித்தல், இடைமறித்தல் போன்ற தற்காப்புச் செயல்களுக்கு 2 புள்ளி தரும் புது விதி வந்தது. அதிலும் கோல் காவலருக்கு இடமில்லை. ஆகவேதான் உலகெங்கும் பலர் இரண்டாவது கோல் காவலராக, திடலில் இறங்கவே இறங்காத 4 மில்லியன் பவுண்டு மலிவு ஆளை வாங்கிப் பெயருக்கு உட்கார வைக்கின்றனர்.

இந்த மனப்போக்கு கற்பனை ஆட்டத்தோடு நின்றால் நான் இவ்வளவு எழுத மாட்டேன். நம் பள்ளித் திடலைப் பாருங்கள். ஓட முடியாதவன், பருமனானவன், புதிதாகச் சேர்ந்தவன் ஆகியோரைத்தானே "நீ போய்க் கோல்ல நில்" என்கிறோம்? ஒரு காலத்தில் இந்நாட்டின் கோலைக் காத்தவர் ஆர். ஆறுமுகம். நீண்ட கைகளால் 'ஸ்பைடர்மேன்' எனப் பெயர் பெற்றவர். 1980-இல் மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2-1 என வென்று மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்ற மலேசிய அணியின் காவலர் அவர். புறக்கணிப்பினால் அவ்வணி மாஸ்கோ செல்லவில்லை. 1988-இல் சாலை விபத்தில் மறைந்தார். 2016-இல் வெளிவந்த 'ஓலா போலா' திரைப்படத்தில் வரும் முத்து எனும் கோல் காவலர் பாத்திரத்தில் அவருடைய சாயலைக் கண்டோம். அப்படத்தைப் பார்த்துக் கண் கலங்கிய நாமே மறுநாள் திடலில் பழைய பாட்டைப் பாடுகிறோம்.

என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், வேறொரு சிறிய பள்ளியில் காற்பந்து அணிக்குப் பொறுப்பாளனாக இருந்தேன். மாணவர் எண்ணிக்கையே குறைவு. அணி சேர்ப்பதே பெரும்பாடு. கோல் காவலனாக ஒருவனைப் பழக்கினேன். இரண்டாமவனைப் பற்றி எண்ணவேயில்லை. வட்டாரப் போட்டிக்கு முதல் நாள் அவன் விரல் பிசகிவிட்டது. மத்தியத் திடலில் ஆடிய பத்து வயதுச் சிறுவனை, கைக்குப் பொருந்தாத கையுறையோடு நிற்க வைத்தேன். முற்பாதியிலேயே ஐந்து கோல். இடைவேளையில் அவன் அழவில்லை. "ஐயா, எப்படிப் பிடிக்கிறதுன்னு எனக்கு யாரும் சொல்லித் தரலையே" என்றான். தோல்வியை நான் எளிதில் மறந்துவிட்டேன். அந்தச் சொல்லை மறக்க இயலவில்லை. அதன்பின் அவன் பந்தாட வரவுமில்லை.

மற்ற எந்த இடத்திற்கும் பக்கத்து இடத்து ஆட்டக்காரரை மாற்றிப் போடலாம். கோலுக்கு அது செல்லாது. அதிகாரப்பூர்வக் கற்பனை ஆட்டத்திலும் முதல் கோல் காவலர் ஆடாவிட்டால் இரண்டாம் கோல் காவலர் மட்டுமே அவரிடத்தில் வர முடியும். இந்த விதியை இயற்றியவர்கள் ஆட்டத்தை அறிந்தவர்கள்.

ஆங்கில ஆசிரியை ஒரு நடுவழி சொன்னார். ஆளுக்குப் பதில் ஒரு கிளப்பின் 'கோல் கம்ப'த்தையே எடுத்துக்கொள்வோம்; அன்று யார் நின்றாலும் புள்ளி நமக்கு. அமெரிக்காவிலும் சிலர் குவாட்டர்பேக்கிற்கு இப்படிச் செய்கின்றனராம். கணக்கிற்கு எளிது, ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் நிற்பவனின் பெயரையே அழித்துவிடும் விதிக்கு என் மனம் இடந்தரவில்லை.

ஆகவே என் முன்மொழிவு இது. ஆளுக்கு இரண்டு கோல் காவலர். குறையவும் கூடாது, மிகவும் கூடாது. பதுக்கல் அத்தோடு ஒழியும். இரண்டு தடுப்புக்கு 1 புள்ளி. நான்கு பேருக்கு மாற்று இருக்கைக் காவலர்தான் கிடைப்பார் என்பது உண்மையே. முதல் சுற்றில் கடைசியாக எடுப்பவர் அடுத்த சுற்றில் முதலில் எடுக்கும் நம் முறையில் அந்த இழப்பு ஒருவர் தலையிலேயே விழாது. இரண்டாவது காவலரை யார் முன்னதாக நினைக்கிறாரோ அவருக்குக் கிடைக்கட்டும்.

வெள்ளிக்கிழமை பள்ளி முடிந்ததும் ஆசிரியர் அறையில் வாக்கெடுப்பு. லாரி ஓட்டுநர் நண்பர் நான்கு வாக்குகளைத் திரட்டிவிட்டதாகக் கேள்வி. நான் இன்னும் இரண்டோடு நிற்கிறேன்.

மற்றொன்று. இவ்வாண்டு நம் பள்ளி அணியில் புதன்கிழமை தோறும் இரு சிறுவர்களைக் கோல் காவலுக்கெனத் தனியே பழக்கி வருகிறேன். கையுறை ஒரு சோடிதான் உள்ளது. மாற்றி மாற்றி அணிகின்றனர். சிறுவர் அளவில் பழைய கையுறை எவர் வீட்டிலாவது இருந்தால் பள்ளி அலுவலகத்தில் கொடுத்துதவ வேண்டுகிறேன்.