மூன்று மொழி வீடுகளும் ஒரு மேற்படிப்பும்

பிள்ளைகளின் மேற்படிப்பைப் பற்றிப் பேச்செடுத்தால், நம் வீடுகளில் மருத்துவம், பொறியியல், கணக்கியல் என்னும் மூன்று பெயர்களே முதலில் எழும். இலக்கியம் படிக்க விரும்புவதாக ஒரு பிள்ளை வாய் திறந்தால், ‘அதைப் படித்து என்ன செய்வது?’ என்னும் வினா உடனே பிறக்கும். இவ்வினாவை நான் குறை கூறேன். பிழைப்பை நாடி ஊர்விட்டு ஊர் வந்த குடும்பங்கள் பிழைப்பையே முன்வைத்துச் சிந்திப்பது இயல்பன்றோ? ஆயினும், நம்மைப் போன்ற வீடுகளில் வளர்ந்த பிள்ளைகளுக்கென்றே அமைந்தாற்போன்ற ஒரு படிப்பு உண்டு. அதற்கு விண்ணப்பிக்கும் வேளையில் நம் பிள்ளைகள் எவ்விடத்தில் இடறுகின்றனர் என்பதை இத்திங்கள் எழுத விரும்புகிறேன்.

அப்படிப்பின் பெயர் ஒப்பியல் இலக்கியம். ஒரு மொழியின் நூலை அம்மொழியின் வேலிக்குள் மட்டும் வைத்துப் பாராமல், பிறமொழி நூல்களின் அருகில் வைத்து ஆராய்வது அதன் முறை. ஒரே கதை மொழிதோறும் எவ்வாறு உருமாறுகிறது, ஏன் மாறுகிறது, ஒரு மொழியிலிருந்து மற்றொன்று எதனைக் கடன் கொண்டது, எதனைத் தள்ளியது என்பனவெல்லாம் அதன் வினாக்கள்.

1827ஆம் ஆண்டில் ஜெர்மானியக் கவிஞர் கதே, உலக இலக்கியத்தின் காலம் நெருங்கிவிட்டது என்று தம் நண்பர் எக்கர்மனிடம் உரைத்தார். 1907இல் இரவீந்திரநாத் தாகூர், கல்கத்தாவில் தேசியக் கல்விக் கழகத்தார் முன்னிலையில் இதே பொருள் பற்றிப் பேசினார். ஆங்கிலேயர் ஒப்பியல் இலக்கியம் என்பதைத் தாம் வங்கமொழியில் ‘விசுவ சாகித்தியம்’ என்று அழைக்கப்போவதாகவும் கூறினார். அக்கழகம் தோற்றுவித்த கல்விநிலையமே பின்னர் யாதவ்பூர்ப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. அங்கே 1956இல் கவிஞர் புத்ததேவ போஸ் ஒப்பியல் இலக்கியத்துக்கெனத் தனித்துறை தொடங்கினார். இந்தியாவில் இத்துறை தோன்றியது அதுவே முதன்முறை. அதன் முதல் அணி மாணவியருள் ஒருவரான நவநீதா தேவ சென், ஹார்வர்டிலும் இண்டியானாவிலும் மேலே பயின்று, தாம் படித்த துறைக்கே ஆசிரியராகத் திரும்பினார். நாட்டுப்புறப் பெண்கள் பாடிய இராமாயணப் பாடல்களைப் பல மொழிகளிலும் தேடி ஒப்பிட்டு ஆராய்ந்தவர் அவர். ஹைதராபாத்துப் பல்கலைக்கழகத்தில் 1988இல் இதற்கென ஒரு மையம் ஏற்பட்டது.

இவையெல்லாம் தொலைதூரச் செய்திகள் என்று அன்பர்கள் எண்ண வேண்டா. நம் திருவனந்தபுரத்தையே பாருங்கள். 1855இல் ஆலப்புழையில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்த சுந்தரம் பிள்ளை, இந்நகரத்து மகாராசா கல்லூரியில் மெய்யியல் பேராசிரியராக இருந்தார். லிட்டன் பிரபுவின் ஆங்கிலக் கதை ஒன்றைத் தழுவி, தமிழ்ச் செய்யுள் நடையில் ‘மனோன்மணீயம்’ என்னும் நாடகத்தை 1891இல் வெளியிட்டார். கேரள மண்ணில் பிறந்து, ஆங்கில நூல்களில் தோய்ந்து, தமிழில் எழுதிய அவரைப் படிப்பதற்கு ஒரு மொழி போதுமா?

கைலாசபதியின் வரலாறும் நமக்கு அணுக்கமானது. அவர் 1933இல் கோலாலம்பூரில் பிறந்த யாழ்ப்பாணத்துத் தமிழர். நம் பிள்ளைகளைப் போலவே பெற்றோர் ஊரை விட்டு வேற்றூரில் பிறந்தவர். இங்கிலாந்தில் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் கிரேக்க அறிஞர் ஜார்ஜ் தாம்சனின் கீழ்ச் சங்கப் பாடல்களைக் கிரேக்க வீரகாவியங்களோடு ஒப்பிட்டு முனைவர் பட்டம் பெற்றார். அவ்வாராய்ச்சி 1968இல் ஆக்ஸ்போர்டு வெளியீடாக வந்தது. அடுத்த ஆண்டே ‘ஒப்பியல் இலக்கியம்’ என்ற பெயரில் தமிழிலும் ஒரு நூல் தந்தார்.

இன்னும் ஆராய வேண்டுவன நம் காலடியிலேயே கிடக்கின்றன. பாலக்காட்டு வட்டாரத்துப் பகவதி கோயில்களில் நடைபெறும் தோற்பாவைக் கூத்தில், இரவு முழுதும் கம்பன் பாடல்களே ஓதப்பெறுகின்றன. மலையாள நாட்டுக் கோயிலில் தமிழ்க் காவியம் எவ்வாறு குடிபுகுந்தது? மலையாளத்தின் தொன்மையான நூல்களுள் ஒன்றாகிய இராமசரிதம், தமிழறிந்தார்க்கு ஏன் இத்துணை எளிதில் விளங்குகிறது? 14ஆம் நூற்றாண்டில் வடமொழியில் இயற்றப்பெற்ற மலையாள இலக்கண நூலான லீலாதிலகம், ‘பாட்டு’ என்னும் வகைக்குத் திராவிட எழுத்துகளையும் எதுகை மோனையையும் விதித்ததேன்? இவ்வினாக்களைத் தொடுவதற்குத் தமிழும் மலையாளமும் ஒருங்கே வேண்டும். வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், பள்ளியில் ஆங்கிலம் என்று வளரும் கரமனைப் பிள்ளைக்கு இவ்வாய்ப்பு பிறவியிலேயே கிட்டியது போலும் என்று தோன்றும். தோன்றுவது உண்மையா என்பதை விண்ணப்பப் படிவம் காட்டிவிடுகிறது.

பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துப் புகைவண்டி நிலையத்தில் எழுத்தர் வேலைக்கு வந்தவன் நான். எனினும், நாள் முழுதும் படிவங்களோடு பழகுபவன் என்பதால், எங்கள் தெருவில் எவருக்கேனும் படிவம் நிரப்ப வேண்டின் என்னைத் தேடி வருவர். சென்ற ஆண்டு, ஆங்கில இலக்கியத்தில் முதல் வகுப்பில் தேறிய பெண்ணொருத்தி வந்தாள். கம்பனையும் எழுத்தச்சனையும் ஒப்பிட்டு ஆராய்வது அவள் விருப்பம். படிவத்தில் ‘மூலத்தில் வாசிக்க இயலும் மொழிகள் யாவை?’ என்றொரு வினா. மலையாளம், ஆங்கிலம் என்று எழுதியவள் பேனாவை நிறுத்தி, “மாமா, எனக்குத் தமிழ் தெரியுமா, தெரியாதா? எதை எழுதட்டும்?” என்று கேட்டாள்.

அவளுக்குத் தமிழ் பேசத் தெரியும். பாட்டி பாடிய திருப்புகழில் பல பாடல்கள் மனப்பாடம். ஆனால் அப்பாடல்களை அவள் தன் குறிப்பேட்டில் மலையாள எழுத்தில் எழுதி வைத்திருந்தாள். அச்சிட்ட தமிழ்ப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் ஒரு வரி நகராது. அவளுடைய பேராசிரியரிடம் யோசனை கேட்டபோது, ‘கம்பனை எந்த மொழியில் படிக்கப் போகிறாய்?’ என்று அவர் வினவினாராம். ‘ஆங்கில மொழிபெயர்ப்பில்’ என்பதன்றி அவளிடம் விடையில்லை. தன் பாட்டியின் மொழிக் காவியத்தை மூன்றாம் மொழியின் வழியே ஒப்பிட முன்வரும் மாணவியை எந்தத் துறை விரும்பி ஏற்கும்? அவள் விண்ணப்பத்தை ஓராண்டு தள்ளிவைத்துத் தமிழ் எழுத்துப் பயிலத் தொடங்கினாள். இப்போது சுந்தரகாண்டத்தை உரையோடு மெல்ல மெல்ல வாசித்து வருகிறாள். இவ்வாண்டு விண்ணப்பம் செல்லும்.

இது ஒரு வீட்டுக் கதை மட்டுமன்று. கடைச் சீட்டையும் கைப்பேசிச் செய்தியையும் தமிழ்ச் சொற்களால் மலையாள எழுத்தில் எழுதும் வழக்கம் நம் தெருக்களில் பரவியுள்ளது. பேச்சுத் தமிழ் வீட்டுக்குள் உயிரோடிருப்பதால் எழுத்துத் தமிழ் போனது நம் கண்ணுக்குப் படுவதில்லை. ஒப்பியல் இலக்கியப் படிப்போ, பேசும் மொழிகளை எண்ணுவதில்லை; மூலநூலை வாசிக்கும் ஆற்றலையே எண்ணுகிறது. வெளிநாட்டு முனைவர் பட்ட வகுப்புகளில், ஆங்கிலத்துடன் வேறு இரு மொழிகளிலேனும் வாசிப்புத் திறன் வேண்டுமென்பது பெரும்பாலும் வழக்கம்.

ஆதலின், இவ்வழியில் விருப்பமுள்ள பிள்ளைகளுக்குச் சில கூறுவேன். முதலாவது எழுத்து. மலையாளம் படித்த பிள்ளைக்குத் தமிழ் எழுத்து பெருஞ்சுமையன்று. மலையாளத்தில் நான்கு ககரங்கள் உள்ள இடத்தில் தமிழில் ஒன்றே உண்டு. நாளொன்றுக்கு அரைமணி நேரம் ஒதுக்கினால், சில திங்களில் நாளிதழ் வாசிக்கலாம். அடுத்தது, ஒரே நூலை இரு மொழிகளில் படித்தல். தகழியின் ‘செம்மீன்’ நாவலை நாகர்கோவில் சுந்தர ராமசாமி தமிழாக்கியுள்ளார். இரண்டையும் எதிரெதிரே வைத்துப் படித்து, வேறுபடும் இடங்களைக் குறித்து வருக. அக்குறிப்புகளே பின்னர் விண்ணப்பத்தோடு அனுப்பும் கட்டுரைக்கு வித்தாகும்.

வெளிநாட்டு விண்ணப்பங்களில் அக்கட்டுரையும், ஏன் படிக்க விரும்புகிறேன் என விளக்கும் நோக்க உரையும், ஆசிரியர் இருவர் அல்லது மூவரின் பரிந்துரைக் கடிதங்களும் முதன்மையானவை. நோக்க உரையில், சிறு வயது முதல் இலக்கியத்தில் ஆர்வம் என்று பொதுப்படப் பேசுவதை விட, இன்ன நூல்கள், இன்ன வினா என்று எழுதுவதே பயன் தரும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் டிசம்பர், ஜனவரித் திங்களோடு காலம் முடிந்துவிடுவதால், ஆசிரியர்களிடம் ஓணம் விடுமுறைக்குள்ளேயே சொல்லி வைத்தல் நன்று. நம் நாட்டில் மத்தியப் பல்கலைக்கழகங்களின் முதுகலை வகுப்புகளுக்கு 2022இல் பொது நுழைவுத் தேர்வு வந்துள்ளது. விரும்பும் பல்கலைக்கழகம் அத்தேர்வைக் கொள்கிறதா, தனித்தேர்வு நடத்துகிறதா என்று அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்த்துத் தெளிக.

பெற்றோர்க்குப் பணத்தைப் பற்றி ஒரு சொல். அமெரிக்காவில் முனைவர் பட்ட வகுப்பில் இடம் பெறுவோர்க்குக் கட்டணத்தை நீக்கி, வாழ்க்கைச் செலவுக்கும் உதவித்தொகை அளிக்கும் பல்கலைக்கழகங்கள் பல உண்டு. முதுகலைக்கு அவ்வுதவி அரிது. இவ்வேறுபாட்டை அறியாமல் தரகர் சொற்கேட்டு வீட்டை அடமானம் வைக்க வேண்டா. படித்தபின் வேலை பெருஞ்செல்வம் தருமென்று நான் உறுதி கூற மாட்டேன். ஆசிரியப் பணியிடங்கள் குறைவே. எனினும் பல்கலைக்கழக மானியக் குழுவின் தேசியத் தகுதித் தேர்வில் ஒப்பியல் இலக்கியம் தனிப்பாடமாக உள்ளது. மொழிபெயர்ப்புக்கும் பதிப்புக்கும் இரு மொழி தேர்ந்தவர் என்றும் வேண்டப்படுகின்றனர்.

இப்படிப்புக்கே செல்லாத பிள்ளைக்கும் எழுத்து வேண்டும். பாட்டிமார் பாடும் பாடல்களை இவ்விடுமுறையில் பிள்ளைகள் தமிழ் எழுத்திலேயே எழுதி வைக்கட்டும். ஒரு வீட்டில் ஒரு குறிப்பேடு நிரம்பினாலும் நலமே.